விசிலை வெள்ளைக்காரனிடம் கொடுத்தோம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சிட்னியின் மேற்கே, பிளாக்டவுனில் குடியிருந்தோம். இப்போது அங்கே கறிவேப்பிலையிலிருந்து கருவாடு வரை கடையில் கிடைக்கிறது. அப்போது மிளகாய்த்தூள் முடிந்தால், ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்று விசாரித்துத் திரியவேண்டும். என் கணவர் பரமட்டாவில் ஒரு கம்பனியில் கணக்காளர். நான் ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதித்துக்கொண்டிருந்தேன். தெருவில் நாங்கள் ஒரு குடும்பம்தான் கறுப்பு. அதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுகப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆள் சேர்க்க இந்த நாட்டு அரசாங்கம் சலுகை விலையில் கப்பலேற்றி இறக்கிய வெள்ளைக்காரரில் அவளும் அவள் புருஷனும் அடக்கம். புருஷன் லொறி ஓட்டுபவன். கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வேலியடியில் தொடங்கிய கதை மெல்ல மெல்ல என் குசினிக்குள் வந்து அடுப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டது. தேத்தண்ணி எப்படிப் போடவேண்டும் என்று எனக்கே சொல்லித் தந்தாள். சிலோன்காரிக்குத் தேத்தண்ணி சொல்லித் தருகிறாளே என்று முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு விட்டுக்கொடுத்துவிட்டேன், பாவம்.

அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அத்தனை வருஷமாக என் மனதில் கிடந்து அது எங்கள் பேச்சாகவே மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவளுக்கு ஒரேயொரு தம்பி. அவனை எப்படியாவது இங்கே எடுப்பித்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தலைகீழாக நின்றாள். வேலைக்காகவோ வெயிலுக்காகவோ அல்ல. சனிக்கிழமைகளிலிருந்து அவனைப் பிரிப்பதற்காக.

"சனிக்கிழமை வந்தால் அவன் மனிசனில்லை," என்றாள். "மட்ச் பாக்கப் போவான். மூக்கு உடைஞ்சு வருவான், இல்லாட்டி ஆரின்ரையாவது மூக்கை உடைச்சுப்போட்டு வருவான். ஒருக்கா பொலிஸ் பிடிச்சு ஒரு மாதம் மறியலிலையும் இருந்திட்டான். இஞ்சை வந்தால் திருந்துவான். இஞ்சை ஆரோட போய் அடிபடுறது?"

என் கணவருக்கு இதை நம்ப முடியவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரர் என்றால் வரிசையில் நிற்பவர், சொன்ன நேரத்துக்கு வருபவர், தோற்றாலும் கை குலுக்குபவர். இங்கிலாந்து ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ஓடுகிற படம் பத்திரிகையில் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார்.

"இது படிப்பறிவில்லாத கூட்டமாயிருக்கும்," என்பார்.

நான் சிரிப்பேன். என்னுடைய சொந்த அண்ணன் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவன். யாழ்ப்பாணத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில், பக்கத்து ஊர்க்காரன் ஒருவனின் தோளைக் கடித்து வைத்தவன். கடி வாங்கியவன் தபால் கந்தோரில் வேலை. பிறகு எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் ஒரு வருஷம் பிந்தியே வந்தன. அந்தச் சண்டையில் பந்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அண்ணனுக்கும் தெரியும், கடி வாங்கியவனுக்கும் தெரியும். கிணறு, கோயில் வீதி, யார் யாருடைய வாசலால் போகலாம் என்ற விஷயங்கள் எல்லாம் அந்தப் பந்துக்குள் காற்றாக அடைக்கப்பட்டிருந்தன. ஆகவே வெள்ளைக்காரன் அடிபடுகிறான் என்றதும் நான் ஆச்சரியப்படவில்லை. இவர்களுடைய பந்துக்குள் என்ன இருக்கிறது என்றுதான் யோசித்தேன்.

அதை அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சம், உடுப்புக் காயப்போடும்போது கொஞ்சம் என்று சொன்னாள்.

அவள் அப்பா துறைமுகத் தொழிலாளி. நிரந்தர வேலை இல்லை. காலையில் போய் வாசலில் நிற்கவேண்டும், கங்காணி விரலை நீட்டி ஆள் எடுப்பான். எடுக்கப்படாதவன் வீட்டுக்குத் திரும்பி வருவான். சனிக்கிழமை அரை நாள். மத்தியானம் தெருவே புறப்பட்டு மைதானத்துக்குப் போகும். தாத்தன், தகப்பன், மகன் எல்லாம் கோலுக்குப் பின்னால் ஒரே இடத்தில், கதிரை இல்லாத படிகளில், ஆளோடு ஆள் நெருக்கி நிற்பார்கள். பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு ஆட்டம் தெரியாது என்பதால், தகப்பன்மார் பிள்ளையைத் தூக்கி முன்னால் நிற்பவன் கையில் கொடுப்பார்கள். அவன் தனக்கு முன்னால் நிற்பவனிடம் கொடுப்பான். இப்படியே தலைகளுக்கு மேலால், கை மாறிக் கை மாறி, பிள்ளை கீழே வேலியடிவரை போய்ச் சேரும். மட்ச் முடிந்ததும் அதே வழியால் திரும்பி வரும்.

"என்ர தம்பியை ஒருநாளும் ஒருத்தரும் கீழை விட்டதில்லை," என்றாள். "தூக்கிறது ஆரெண்டு பாக்கமாட்டினம். எங்கட தெருப் பிள்ளை, அவ்வளவுதான். அவன் தூஷணம் சொன்னாலும் அப்பிடித்தான். பக்கத்தில நிக்கிற ஆரும் பிடரியில ஒண்டு போடுவினம். அப்பா ஏனெண்டு கேக்கமாட்டார்."

பிறகு துறைமுகத்தில் வேலை குறைந்தது. தெருவைச் சேரி என்று சொல்லி அரசாங்கம் இடித்தது. நல்ல வீடு தருகிறோம் என்று நகரத்துக்கு வெளியே நாலு திசையிலும் அடுக்குமாடி கட்டி, ஒரு தெருவின் சனத்தை நாலாகப் பிரித்து ஏற்றியது. குளியலறை இருந்தது, வெந்நீர் வந்தது. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. அப்பா மட்ச்சுக்குப் போவதை விட்டார். வேலை இல்லாதவனுக்கு நாலு பேர் முகத்தில் விழிக்க வெட்கம் என்பதுதான் காரணம் என்று அவள் நினைத்தாள். ரீவி முன்னால் உட்கார்ந்தார். மற்றத் தகப்பன்மாரும் அப்படியே. பொடியன்கள் மட்டும் போனார்கள். நாலு திசையிலிருந்தும் பஸ் ஏறி, கோலுக்குப் பின்னால் அதே படியில் வந்து நின்றார்கள். இடித்த தெரு கிழமைக்கு ஒருநாள் அந்த இடத்தில் மட்டும் கூடியது. ஆனால் பிடரியில் ஒன்று போட ஆள் இல்லை.

"வேறை ஊருக்கு மட்ச் பாக்க ரெயினில போவாங்கள்," என்றாள். "ஸ்ரேசனிலை இருந்து பொலிஸ் மாடு சாய்க்கிற மாதிரிச் சாய்ச்சுக்கொண்டு போகும். அந்த ஊர்க் கடைக்காரர் எல்லாம் பயத்தில கதவைப் பூட்டுவினம். கிழமை முழுக்க ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்காத பொடியள். அவங்கள் வாறாங்கள் எண்டு ஒரு ஊரே கதவைப் பூட்டுது. அது அவங்களுக்கு மரியாதை குடுத்த மாதிரி இருந்திருக்கும்."

இதைக் கேட்டு அவன் மேல் எனக்கு இரக்கம் பொங்கிவிடவில்லை. பூட்டிய கடைக்குள் இருந்தவனும் ஒரு பிள்ளையின் தகப்பன்தானே. ஆனால் விளங்கியது.

தம்பிக்காரன் வந்து இறங்கினான். இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, செம்பட்டைத் தலை, கழுத்தில் சுற்றிய கம்பளித் துணி. வெயில் நாளிலும் அந்தக் கழுத்துத் துணியைக் கழற்றமாட்டான். அவனுடைய ஊர் அணியின் நிறமாம். ஒரு பெயின்ற் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை வந்தால் தமக்கைக்காரி அவனுக்குத் தோட்டத்தில் வேலை வைப்பாள். புல் வெட்டச் சொல்வாள், கூரைப் பீலியில் அடைத்த சருகைத் துடைக்கச் சொல்வாள். வெட்டிய புல்லை மறுபடி வெட்டச் சொன்னதையும் நான் கண்டேன். அவனும் மறுக்காமல் செய்வான். செய்துகொண்டே தெருவைப் பார்ப்பான்.

இந்த ஊரில் புட்போல் என்றால் முட்டை மாதிரியான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. காலால் உதைக்கும் எங்கள் ஆட்டத்துக்குச் சொக்கர் என்று பெயர். அதைக் கிரேக்கரும் இத்தாலியரும் யூகோஸ்லாவியரும் தங்கள் தங்கள் கொடியோடு விளையாடினார்கள். அவன் ஒருநாள் ஒளித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லாரும் தங்கட தங்கட ஆக்களோட நிக்கினம்," என்றான்.

ஆறு மாதத்துக்குள் அவள் பயந்தது நடந்தது. பரமட்டாவில் ஒரு குடிக்கடையில் இன்னொரு இங்கிலாந்துக்காரனை அடித்துவிட்டான். அடி வாங்கியவன் யார் என்றால், இவனுடைய பட்டினத்துக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற பட்டினத்துக்காரன். பத்தாயிரம் மைல் தாண்டி வந்து இத்தனை இலட்சம் சனத்துக்குள் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனைக் கண்டுபிடித்திருக்கிறான். மனிதர் என்றால் கட்டிப்பிடித்து அழுவார்கள். இவன் அடித்தான்.

நீதவான் அவனைப் பிணையில் விட்டார். "உன்னைப் போன்ற ஆக்களை இந்த நாடு கூப்பிடவில்லை" என்று திட்டிவிட்டு, இன்னொரு முறை பொலிஸில் மாட்டினால் சிறை என்றாராம். சிறைக்குப் போனால் இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். அன்றிலிருந்து தமக்கைக்காரிக்கு ஒரே நினைப்பு. அவன் கை ஓங்கக்கூடாது. ஓங்கினால் கோலுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் படிக்கே போய்ச் சேருவான், ஒருநாள் பிணமாகக் கிடப்பான். இதை என் குசினியில் இருந்து சொல்லி அழுதாள்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் மட்டும் லேசுப்பட்ட ஆட்களா?

சிட்னியில் அப்போது இருந்த சிலோன் தமிழ்க் குடும்பங்களை ஒரு பூங்காவுக்குள் அடக்கிவிடலாம். அடக்கவும் செய்தோம். குளிர் முடிந்ததும் பரமட்டாப் பக்கம் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் ஒன்றுகூடல் நடக்கும். பெண்கள் ரோல்ஸும் வடையும் புரியாணியும் சுமந்து போவோம். ஆண்கள் மத்தியானம் வரை அரசியல் பேசிவிட்டு, சாப்பிட்டதும் உதைபந்து விளையாடுவார்கள். ஒரு பக்கம் சைவப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், மறு பக்கம் வேதக்காரரின் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எல்லாருக்கும் தொப்பை. டொக்டர், எஞ்சினியர், கணக்காளர். வேறு ஆட்களே இல்லை.

ஒவ்வொரு வருஷமும் மட்ச் தர்க்கத்தில் முடியும். நடுவராக நிற்பவர் ஒன்றில் இந்தப் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடம். அவர் விசில் ஊதினால், பதினைந்து வருஷத்துக்கு முந்தின மட்ச் ஒன்றில் அவருடைய மாமா என்ன செய்தார் என்று ஒருவர் தொடங்குவார். அந்த முறை கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். விசிலை ஒரு வெள்ளைக்காரனிடம் கொடுப்பது. ஊரில் பெரிய மட்ச் என்றால் வெள்ளைக்காரப் பொலிஸ் அதிகாரியையோ பள்ளிக்கூட அதிபரையோ கூப்பிட்டு நடுவராக நிறுத்திய வழக்கம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

"வெள்ளைக்காரன் ஊதினால் ஒரு குஞ்சும் வாய் திறக்காது," என்றார் வேதக்காரப் பள்ளிக்கூட அணியின் தலைவரான டொக்டர்.

என் கணவர் உடனே சொன்னார், "எங்கட பக்கத்து வீட்டில ஒருத்தன் இருக்கிறான். இங்கிலாந்தில இருந்து வந்தவன். சொக்கரிலேயே ஊறினவன்."

எதில் ஊறினவன் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "என்னப்பா, உங்களுக்கு உலகத்தில வேறை வெள்ளைக்காரன் கிடைக்கேல்லையோ?"

"நீர் சும்மா இரும். பொறுப்பைக் குடுத்தால்தான் மனிசன் திருந்துவான்," என்றார்.

தமக்கைக்காரிக்குச் சொன்னபோது முதலில் பயந்தாள். முரட்டுக் கூட்டமா என்று கேட்டாள். டொக்டர்மாரும் கணக்காளர்மாரும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் தம்பி பயமில்லாத ஒரு மட்ச்சுக்குப் போகிறான் என்று அவனுக்கு வெள்ளைச் சேட் வாங்கி, தானே அயன் பண்ணிக் கொடுத்தாள். தானும் வந்தாள். கழுத்துத் துணியை அவன் வீட்டில் விட்டுவிட்டு வந்தான். அதைக் கண்டு அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவன் நல்லாகத்தான் ஊதினான். பேச்சில்லை. விசில், ஒரு விரல், அவ்வளவுதான். டொக்டர்மார் "யெஸ் சேர்" என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். எனக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. சுதந்திரம் எடுத்து எத்தனை வருஷம்.

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல். முடிய இன்னும் கொஞ்ச நேரம். சைவப் பள்ளிக்கூடத்துக் கோல் வாயிலில் பந்து ஒரு எஞ்சினியரின் கையில் பட்டது. அவன் விசிலை ஊதி, புள்ளியைக் காட்டினான். பெனல்ரி.

கோல் காப்பாளர் என் கணவர். ஓட முடியாததால் அங்கே நிறுத்தியிருந்தார்கள். அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடியதை நான் அன்றுதான் கண்டேன். நேரே போய் நடுவரின் நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளினார்.

"அது கையில படேல்லை. தோளில பட்டது," என்று தமிழில் கத்தினார். வெள்ளைக்காரனுக்குத் தமிழ்.

டொக்டர் ஓடி வந்தார். "நடுவரிலேயே கை வைக்கிறியோ? உங்கட பள்ளிக்கூடமே இப்பிடித்தான். அண்டைக்கும் இதைத்தான் செய்தனீங்கள்."

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசைப்படி சொல்ல முடியாது. இருபதுக்கு மேற்பட்ட படித்த மனிதர்கள், மனைவிமாரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் சேட்டை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். ஒரு பல் டொக்டர் இன்னொருவரின் காதைத் திருகிக்கொண்டு நின்றார். வாயில் வந்ததெல்லாம் பள்ளிக்கூடம், சமயம், அதற்கும் கீழே போய் அப்பா என்ன தொழில் செய்தார் என்பது வரை. வடைச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். என் அண்ணன் இல்லையே, நல்லாகக் கடித்திருப்பானே என்று ஒரு நினைப்பு வந்து, சிரிப்பும் வந்தது.

அப்போது தமக்கைக்காரி வீறிட்டாள். "கை, கை."

கூட்டத்துக்கு நடுவில் நின்ற தம்பிக்காரன் அதைக் கேட்டான். இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டான். விட்டபடியே நின்றான். அவனைச் சுற்றிச் சண்டை நடந்தது. டொக்டரைக் குறிவைத்து என் கணவர் ஓங்கிய குத்து, டொக்டர் குனிய, அவன் மூக்கில் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை. அப்படியே மரம் மாதிரி விழுந்தான்.

எல்லோரும் நின்றார்கள். வெள்ளைக்காரன் விழுந்துவிட்டான். சண்டை போட்ட அத்தனை பேரும் ஓடிப்போய் அவனைத் தூக்கினார்கள். தண்ணீர்க் குழாய் தூரத்தில் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, களைத்தவன் மற்றவனிடம் கை மாற்றி, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். டொக்டர்மார் நாலு பேர் ஒரே நேரத்தில் மூக்கைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பொலிஸ் வந்தது. அக்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று கூப்பிட்டிருக்கவேண்டும். வந்த பொலிஸ்காரனுக்குத் தெரிந்தது, கண்ணாடி போட்ட கறுப்புக் கனவான்களும், சேட் முழுக்க இரத்தத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பொடியனும். பெயரைக் கேட்டான். வாகனத்துக்குப் போய் வானொலியில் பேசிவிட்டு வந்தான். பிணையில் நிற்பவன் என்று தெரிந்துவிட்டது.

"ஆர் தொடங்கினது?" என்று கேட்டான்.

எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். என் கணவரும் பார்த்தார். தம்பிக்காரனைக் கேட்டதற்கு, "விழுந்திட்டன்," என்றான். யாரையும் காட்டவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். தமக்கைக்காரி பின்னால் ஓடினாள். இது எனக்குத் தாங்கவில்லை. நான் பொலிஸ்காரனிடம் போய், அடித்தது இவர் என்று என் கணவரைக் காட்டினேன். அவன் என் கணவரின் கண்ணாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ கோபம் என்று நினைத்தானோ என்னவோ, நீதிமன்றத்தில் வந்து சொல்லுங்கள் என்றுவிட்டுப் போனான்.

அவன் மறியலில் கிடந்த அந்தக் கிழமை முழுக்க வீட்டில் சமையல் நடந்தது, கதை நடக்கவில்லை. டொக்டரும் எஞ்சினியரும் எங்கள் முன்னறையில் வந்து கூடினார்கள். சாட்சி சொல்லப் போனால் டொக்டரின் பதிவுக்கு என்ன ஆகும், இன்னொருவரின் குடியுரிமைக்கு என்ன ஆகும், என் கணவரின் பதவி உயர்வுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள்.

"எங்கட சனத்தின்ர பேரெல்லோ கெட்டுப்போகும்," என்றார் டொக்டர்.

குசினியிலிருந்து வெளியே வந்தேன். "பேர் கெடுமெண்டு அடிக்க முதல் யோசிச்சிருக்கவேணும். அவன் கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டவன். நீங்கள் எல்லாரும் கண்டனீங்கள். அவனைக் கப்பலேத்தினால் இந்த வீட்டில ஒருத்தருக்கும் இனித் தேத்தண்ணி இல்லை. இவருக்கும் இல்லை."

"அன்ரி சொல்லுறதும் சரிதான்," என்று வயது குறைந்த எஞ்சினியர் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அப்போது முப்பத்திமூன்று. அந்த அன்ரியையும் நான் மன்னிக்கவில்லை.

வழக்கன்று டொக்டர் வரவில்லை. அவருக்கு ஒப்பரேஷன் இருந்ததாம். என் கணவர் வந்தார். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னார். அடித்தது நான், அவன் கையை எடுக்கவேயில்லை என்றார்.

அவனைத் திட்டிய அதே நீதவான்தான். என் கணவரை "சேர்" என்றார். கதிரை கொடுக்கச் சொன்னார். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார்.

"பெனல்ரி தந்திட்டார்," என்றார் என் கணவர்.

மன்றம் சிரித்தது. நீதவானும் சிரித்தார். படித்தவர்களுக்குள் கொஞ்சம் உணர்ச்சி கூடிவிட்டது, இனிமேல் கிரிக்கெட் விளையாடுங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். வழக்கு இல்லை, பிணை இல்லை, ஒன்றும் இல்லை. தம்பிக்காரனை, நீ போகலாம் என்றார். அவன் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கதையை என் கணவர் பிறகு எத்தனையோ விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். நான் ஒருமுறையும் சிரிக்கவில்லை. அவனும் அடித்தான், இவரும் அடித்தார். ஒருவனுக்கு மறியல், மற்றவருக்குக் கதிரை.

ஆனாலும் அன்றைக்குச் சந்தோஷம். தமக்கைக்காரி நீதிமன்றப் படியிலேயே இருந்து அழுதாள். அவனைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இனி அவன் இங்கேதான்.

மூன்று மாதம் கழித்து அவன் தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

யாரும் அனுப்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் நல்ல பெயர் எடுத்திருந்தான். போன மறுநாள் அவள் வேலியடிக்கு வந்தாள். அழுது முடித்த முகம். கையில் அவன் விட்டுப்போன வெள்ளைச் சேட் இருந்தது. இரத்தக் கறை முழுவதும் போகவில்லை.

"ஏன் போறாய் எண்டு கேட்டனான்," என்றாள். "இஞ்சை வந்த நாளிலை இருந்து தன்னை ஒருத்தரும் தொடேல்லையாம். அண்டைக்கு உங்கட ஆக்கள் கை மாத்திக் கை மாத்தித் தூக்கிக்கொண்டு போச்சினமாம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவனாம். குழாயடியில இறக்கிவிட்ட உடனை அப்பாவைத் தேடினவனாம்."

அவள் சேட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் அவன் அடிபடத்தான் மட்ச்சுக்குப் போறான் எண்டெல்லோ இவ்வளவு காலமும் மறிச்சனான்," என்றாள்.